கருப்பு நாடா வச்ச சட்டை

ஏலே மக்கா, எப்படிய்யா இருக்க? கொழும்புல வேளாவேளைக்குச் சாப்பாடு கெடைக்கா? அங்க எல்லாத்தையும் தேங்கா எண்ணெயிலதான் பொரிப்பாங்களாமே, ஒன் வயித்துக்கு ஒத்துக்கிடுதா? காலுல ஆணி குத்துன புண்ணு ஆறிட்டா, இல்ல உப்புத்தண்ணியில நின்னு நின்னு இன்னும் நசநசன்னுதான் கெடக்கா? ஒங்கம்மை நல்லாருக்கா. இருமல் கொஞ்சம் கொறஞ்சிருக்கு. வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டுருக்கு, ரெண்டும் கெடா. இங்கன வாடைக்காத்து ஆரம்பிச்சிட்டு. மூணு நாளா கடல் ஒரு மாதிரி கலங்கிக் கெடக்கு. மழைத் தண்ணி கலந்த கலக்கம் இல்ல இது. அடியில கெடக்கத யாரோ கையவிட்டுத் தொழாவுத மாதிரி ஒரு கலக்கம்.

நான் வாயால சொல்லச் சொல்ல நம்ம கோயில் உபதேசியார் எழுதுதாரு. ஒங்கப்பனுக்கு எழுத்து வாசனை கெடையாதுங்கது ஒனக்குத் தெரிஞ்சதுதான். அவரு "அன்புள்ள மகனுக்கு, சர்வேசுரன் கிருபையால்"னு அழகா ஆரம்பிச்சாரு. நான்தான், "அது வேண்டாம் உபதேசியாரே, பேசுதத அப்படியே எழுதும், ஒரு சொல்ல மாத்துனாலும் அது என் கடுதாசி இல்ல"ன்னுட்டேன். முகத்தச் சுழிச்சிக்கிட்டுதான் எழுதுதாரு. இதையும் எழுதும்வே. எழுதிட்டாரு.

எனக்குக் கதை இழுக்குத பழக்கம் உண்டு. ஒரு எடத்துக்குப் போவணும்னா நாலு தெரு சுத்தித்தான் போவேன். அதனால சொல்ல வேண்டியத மொதல்லயே சொல்லிருதேன். நேத்து வந்த ஒன் கடுதாசியில, துறைமுகத்துல தோணிக்காரங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு மெதப்புச் சட்டை கொடுத்தாங்கன்னும், ஒனக்குக் கெடச்சது நான் வேலை பாக்குத கிட்டங்கியில தச்சதுன்னும், அதுல கருப்பு நாடா இருக்குன்னும் எழுதியிருந்தியே. அந்தச் சட்டைய நம்பாத மக்கா. அதை மாட்டிக்கிட்டு கடல்ல எறங்காத. வெள்ளை நாடா வச்சதுன்னா பரவால்ல. கருப்பு நாடான்னா அது சட்டை இல்ல. ஏன்னு கேட்டியன்னா, அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. ஒங்கம்மை சந்தைக்குப் போயிருக்கா. அவ திரும்பி வாரதுக்குள்ள சொல்லி முடிக்கணும்.

நான் சங்கு குளிச்ச காலத்துல இருந்து சொன்னாத்தான் ஒனக்கு வெளங்கும். நாங்க கல்லக் கட்டிக்கிட்டு எறங்குவோம். மேல வள்ளத்துல கயித்தப் பிடிச்சிக்கிட்டு ஒருத்தன் நிப்பான். அந்தக் கயித்த யாருகிட்டயும் கொடுத்துற மாட்டோம். கூடப் பொறந்தவன்கிட்டகூடக் கொடுக்க மாட்டோம். மச்சான்கிட்டதான் கொடுப்போம். தன் அக்கா தாலி அந்தக் கயித்துலதான் தொங்குதுன்னு அவனுக்குத் தெரியும்லா, கண்ண மூட மாட்டான், வெத்தலை போட மாட்டான், பக்கத்துல நிக்கிறவன்கூட ஊர்க்கதை பேச மாட்டான். எனக்கு ஒன் மாமன் பிடிச்சான். அவன் வாய் ஓயாத மனுசன், ஒனக்குத் தெரியும். ஆனா கயிறு கையில இருந்தா ஊமை. ஒரு நாளு நான் பேராசைப்பட்டு வழக்கத்த விட ஆழம் போனேன். அடியில ஒரு பெரிய சங்கு கெடந்துச்சு. கையி எட்டுத நேரத்துல எடது காதுக்குள்ள ஓலைப்பட்டாசு வெடிச்ச மாதிரி இருந்துச்சு. நான் கயித்த இழுக்கவே இல்ல, ஒன் மாமனா மனசுல ஏதோ பட்டு இழுத்துட்டான். வள்ளத்துல கெடத்திப் பாத்தா காதுல இருந்து ரத்தம் கழுத்து வரைக்கும் ஒழுகுது. அதோட எடது காது போச்சு. கொஞ்சம் கொறையுதுன்னு இல்ல, சுத்தமாப் போச்சு.

வீட்டுக்குள்ள மட்டும்தான் அது தெரியும். ஒங்கம்மை என்னைத் திட்டணும்னா எடது பக்கமா வந்து நின்னு திட்டுவா, மனசும் ஆறும், சண்டையும் வராது. நீயும் சின்னப் பயலா இருக்கயில அந்தப் பக்கமா வந்து "கெழவா"ன்னு சொல்லிட்டு ஓடுவ. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கியா? ஒங்கம்மை சிரிக்கத வச்சித்தான். வெளிய ஒருத்தருக்கும் சொல்லலை. காது போன குளியாளை எவனும் வள்ளத்துல ஏத்த மாட்டான். அப்படியும் ரெண்டு சீசன் ஒப்பேத்துனேன். பெறகு தலை சுத்தல் வந்துட்டு, கரையேறிட்டேன்.

அப்பதான் அந்த உலகச் சண்டை வந்துச்சு. துறைமுகத்துக்குப் பக்கத்துல பஞ்சு அடைச்சு வைக்குத கிட்டங்கி ஒண்ணு சும்மா கெடந்துச்சுல்லா, அதுல தையல் மிஷினு வரிசையாப் போட்டாங்க. கப்பல்ல போறவங்களுக்கு மெதப்புச் சட்டை தைக்கிற காண்ட்ராக்டு. அது சட்டைன்னு பேருதானே தவிர, கித்தான் துணியில தச்ச நாலு பை, சின்னத் தலகாணி மாதிரி. ரெண்டு நெஞ்சுக்கு, ரெண்டு முதுகுக்கு. உள்ள இலவம்பஞ்சு. நம்ம தலைக்கு வச்சிப் படுக்கோம்லா, அதே பஞ்சுதான். தண்ணி சீக்கிரம் ஏறாது, ஆளைத் தூக்கி நிறுத்தும். பையை உள்பக்கம் வெளிய இருக்க மாதிரி தைப்பாங்க. தச்சதும் புரட்டணும். புரட்டுனாத்தான் தையலு உள்ள போவும், நல்ல பக்கம் வெளிய வரும். மொதல்ல பொம்பளையாட்கதான் மூங்கில் குச்சிய விட்டுக் கையால புரட்டுனாங்க. கித்தான் மொரடுல்லா, நகக்கண்ணுல ரத்தம் வந்துரும். அப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கூடைதான் ஆச்சு. சட்டை போதலைன்னு மேல இருந்து நெருக்குனாங்க. பம்பாயில இருந்து புரட்டுத மிஷினு வந்துச்சு.

அது வந்த அன்னைக்கு ஊரே கூடிட்டு. மாட்டு வண்டியில வைக்கோல் சுத்தி வந்துச்சா, குழாய் மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு நின்னுச்சு. பீரங்கின்னு எவனோ சொல்லிட்டான். பாதித் தெரு கதவச் சாத்திட்டு. பிரிச்சிப் பாத்தா, இடுப்பு ஒசரத்துக்கு நட்டமா நிக்கிற ஒரு இரும்புக் குழாய், அதுக்கு மேல ஒரு தடி, கீழ ஒரு மிதிகட்டை. அவ்வளவுதான். பையைக் குழாய் மேல தொப்பி கவுத்துத மாதிரி மாட்டணும், வாய் கீழ, மூடுன அடிப்பக்கம் மேல. மிதிச்சா தடி எறங்கி அந்த அடிப்பக்கத்துல இடிச்சு, பையக் குழாய்க்குள்ள தள்ளும். தள்ளத் தள்ள பை உள்ளாற மடங்கிப் போயி, கீழ வழியா நல்ல பக்கம் காட்டிக்கிட்டு பொத்துனு விழும். ஒரு பையிக்கு ஒரு மிதி. பொம்பளையாட்க அதுக்கு முழுங்கின்னு பேரு வச்சாங்க. "முழுங்கி என்ன இன்னைக்குப் பசியா இருக்கு, ஒரு கூடை பத்தலையா?"ன்னு கேலி பேசுவாங்க.

அந்த மிஷினுக்கு ஆளு வேணும்னாங்க. மேஸ்திரி பம்பாயில வேலை பழகுனவன், கண்டிப்பானவன், ஆனா நியாயமானவன். அவன் சொன்னான், "இந்த மிஷினுக்குக் கண்ணை விடக் காது முக்கியம்வே. தடி நுனியில தோலுல ஒரு தொப்பி போட்டிருக்கு. தோலு இருக்கையில பையி சத்தமில்லாம எறங்கும். தோலு தேஞ்சிட்டா உள்ள இருக்க போல்ட்டு வெளிய வந்து தையல்ல இடிக்கும், நூலு ஒவ்வொண்ணா அறுந்து படக்குபடக்குன்னு கேக்கும். அந்தச் சத்தம் கேட்டா உடனே நிப்பாட்டணும். புரட்டுன பெறகு தையலு உள்ள போயிருமே, ஒருத்தருக்கும் தெரியாது." சொல்லிட்டு, எனக்குப் பின்னால போயி ஸ்பானரால கதவுக் கம்பியில தட்டுனான். "கேக்கா?"ன்னான். நல்ல வேளையா வலது பக்கம் நின்னு தட்டுனான். அடுத்து எடது பக்கம் வந்தான். எனக்கு எதுக்க ஒரு சன்னல் கண்ணாடி, அதுல அவன் கை ஓங்குதது தெரிஞ்சிச்சு. "கேக்கு மேஸ்திரி"ன்னுட்டேன். உபதேசியார் எழுதுதத நிப்பாட்டிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேல என்னைப் பாக்காரு. பாரும்வே, நல்லாப் பாரும். அன்னைக்குச் சொன்னதுதான் எல்லாத்துக்கும் மொத பொய்யி.

மிதிகட்டை வலது காலுக்குத் தோதா இருந்துச்சு. அதனால குழாய் எனக்கு எடது பக்கம், செத்துப்போன காதுப் பக்கம். சுத்தி முப்பது தையல் மிஷினு கடகடன்னு ஓடும். எனக்குக் கேட்டதெல்லாம் அந்தக் கடகடப்புதான். வேலை நல்லாத்தான் ஓடுச்சு. மேஸ்திரி முதுகுல தட்டிக் கொடுத்தான். நான் கடல்ல எறங்காம சம்பாத்தியம் பண்ணுதேன்னு ஒங்கம்மை மாதா கெபியில மெழுகுவத்தி ஏத்துனா. அப்பதான் நாடாவுக்குத் தட்டுப்பாடு வந்துச்சு. வெள்ளை நாடா வரத்து நின்னுட்டு. எங்க இருந்தோ கருப்பு நாடா கட்டுக்கட்டா வந்து எறங்குச்சு. ஒரு மாசம் போலக் கருப்பு நாடாதான். பெறகு திரும்ப வெள்ளை வந்துட்டு. அந்த ஒரு மாசம்தான் மக்கா.

எனக்கு அடுத்தாப்புல உக்காந்து தைக்கிறவ செவத்தியம்மா. சிலுவையார் தெருக்காரி, புருசன் கப்பல்ல போனவன் திரும்பலை. வாய்க்காரி. கருப்பு நாடா வந்து ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ மிஷின நிப்பாட்டிட்டு எனக்கு முன்னால வந்து நின்னு கேட்டா, "அண்ணாச்சி, முழுங்கி ரெண்டு நாளா பல்லக் கடிக்கே, படக்குபடக்குன்னு. ஒமக்குக் கேக்கலையா?"

அந்த எடத்துல நான் என்ன சொல்லியிருக்கணும்? "கேக்கலை தாயி, எனக்கு அந்தக் காது கெடையாது, நீ சொன்னது நல்லதாப் போச்சு"ன்னு சொல்லியிருக்கணும். அவ்வளவுதான் மக்கா. ஒரு மூச்சுல சொல்லி முடிச்சிரலாம். ஆனா மேஸ்திரி கொஞ்சம் தள்ளி நிக்கான். நான் சிரிச்சிக்கிட்டே சொன்னேன், "கேக்காம என்ன? கித்தான் புதுசு, மொரடு. அப்படித்தான் சத்தம் வரும். நீ ஒன் தையலப் பாரு."

அவ, "மிஷின்காரரு சொன்னாச் சரிதான்"னு போயிட்டா. மத்த பொம்பளையாட்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. அவங்களுக்கெல்லாம் அந்தச் சத்தம் கேட்டிருக்கு. நான் சொன்னதுக்குப் பெறகு யாரும் அதைக் காதுல வாங்கலை. காது நல்லா இருக்க முப்பது பேர ஒரு செவிடன் செவிடாக்கிட்டேன்.

நீ வார தை மாசம் கலியாணம் கட்டப் போற. அவகிட்ட மொத நாளே சொல்லிரு, ஒனக்கு எது முடியும் எது முடியாதுன்னு. கணக்கு வராதுன்னா வராதுன்னு சொல்லு. இருட்டுன்னா பயம்னு சொல்லு. சிரிப்பா, சிரிச்சிட்டுப் போறா. ஒங்கம்மைகிட்ட நான் அந்த ஒரு வெசயத்துல ஒளிக்கலை, அதனாலதான் இத்தன வருசம் அவ எடது பக்கம் நின்னு திட்டி, வலது பக்கம் வந்து கூழ் குடிக்கக் கூப்பிட முடிஞ்சிச்சு. வீட்டுக்குள்ள ஒளிக்காதவன் வெளிய ஒளிச்சேன். வீட்டுல சிரிப்பாங்க, வெளிய வேலைய விட்டு எடுத்துருவாங்கங்க பயம். பயந்தவனுக்குப் பொய்யி பொய்யாவே தெரியாது மக்கா. சாமர்த்தியமாத்தான் தெரியும்.

கருப்பு நாடா தீருத கடைசி நாளு மத்தியானம், பஞ்சு அடைக்கிற எடத்துல ஒரு பையோட அடி பொளந்துட்டு. செவத்தியம்மா எந்திரிச்சுப் போயி அதை எடுத்தா. கூடையில இருந்து, நான் அப்பதான் புரட்டிப் போட்ட பை நாலையும் எடுத்தா. பழைய மூங்கில் குச்சிய விட்டு நாலையும் கையாலயே உள்பக்கம் வெளிய வர மாதிரி திருப்பி, சன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா. அடித்தையல் பூராவும் பொட்டுப்பொட்டா வெளிச்சம். அரிப்பெட்டிச் சல்லடை மாதிரி. நாலும் அப்படித்தான். பையெல்லாத்தையும் கீழ வச்சா. என்கிட்ட வந்தா. எந்தப் பக்கம் வந்தான்னு எனக்குத் தெரியலை. நான் பாட்டுக்கு மிதிச்சிக்கிட்டு இருக்கேன். ரொம்ப நேரம் கழிச்சி எனக்கு முன்னால வந்து நின்னா. முகம் வெளுத்துக் கெடந்துச்சு.

"அண்ணாச்சி, இப்பம் நான் ஒம்ம எடது பக்கம் நின்னு என்ன சொன்னேன்?"

நான் மிதிகட்டையில இருந்து காலை எடுத்தேன்.

"ஒம்ம வேட்டியில தீப் பிடிச்சிருக்குன்னு மூணு தடவை சொன்னேன்வே. அந்தா அவளுக எல்லாரும் திரும்பிப் பாத்தாளுக. நீரு குனியக்கூட இல்ல."

சுத்தி நின்னவளுக சிரிச்சாளுக, அவ விளையாடுதான்னு நெனச்சு. அவ சிரிக்கலை. பக்கத்துல வந்து, வலது காதுக்கு, மெதுவாச் சொன்னா, "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீரு சொல்லணும். இன்னைக்கே சொல்லணும். போன சட்டையெல்லாம் திரும்பி வரணும்."

நான் அன்னைக்கு என் செருப்ப அறுத்து தடி நுனிக்குப் புதுத் தோலு போட்டேன். அது பெரிய காரியம்னு நெனச்சேன். சாயங்காலம் மேஸ்திரி ரூம் வரைக்கும் போனேன். அவன் டீ குடிச்சிக்கிட்டு இருந்தான். "என்னவே?"ன்னான். வாயத் தொறந்தேன். அதுவரைக்கும் தச்ச கருப்பு நாடாச் சட்டையெல்லாம் லாரியில ஏத்தி ஏற்கனவே துறைமுகத்துக்குப் போயாச்சு, எந்தக் கப்பல்ல போச்சோ எந்த ஊருக்குப் போச்சோ, இனிமே சொல்லி யாரு திருப்பிக் கொண்டாரப் போறான்னு ஒரு நெனப்பு குறுக்க வந்துச்சு. "ஒண்ணுமில்ல மேஸ்திரி, மிஷினுக்குக் கொஞ்சம் எண்ணெய் வேணும்"னேன். அவன் ஒரு கிண்ணத்துல ஊத்திக் கொடுத்தான். நான் வாங்கிக்கிட்டு வந்து தடிக்குப் போட்டேன். செவத்தியம்மா பாத்துக்கிட்டே இருந்தா. மறுநாள்ல இருந்து அவ என்கூடப் பேசலை. அண்ணாச்சின்னு கூப்பிடத விட்டுட்டா.

இதெல்லாம் போன வருசக் கதை. மறந்துரலாம்னுதான் பாத்தேன். போன மாசம் கீழவைப்பாருல ஒங்க பெரியம்மை வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கன கரைவலை இழுத்துக்கிட்டு இருந்தாங்க. நானும் சும்மா நிக்காம கயித்துல கை வச்சேன். வலையோட மடி கரைக்கு வந்துச்சு. சாளை, காரல், கொஞ்சம் சொறிமீனு. அதுக்கு நடுவுல ஒரு துணி. ஒருத்தன் தூக்கி மணல்ல வீசுனான். மெதப்புச் சட்டை. கித்தான் நெறம் மாறிக் கெடக்கு, பாசி பிடிச்சிருக்கு, ஆனா துணி கிழியலை. நாலு பையும் அடியில மட்டும் வாயத் தொறந்து கெடக்கு. உள்ள ஒரு பிடி பஞ்சு கெடையாது. கருப்பு நாடா.

எல்லாரும் மீனு பொறுக்கப் போயிட்டாங்க. நான் அதுகிட்டப் போயி உக்காந்தேன். மக்கா, நாடா முடிச்சு அவுக்கலை. நெஞ்சுக்கு முன்னால மூணு முடிச்சு, மூணும் இறுக்கிக் கட்டுனபடி அப்படியே இருக்கு. நடு முடிச்சு ரெட்டை முடிச்சு. பயந்துபோய் எவனோ ரெண்டு தடவை கட்டியிருக்கான். சட்டைய அவுத்து வீசியிருந்தா முடிச்சு இருக்குமா? கட்டுனவன் எங்க? ஒரு பொம்பளை வந்து, "கித்தானு நல்லாருக்கே அண்ணாச்சி, ஒமக்கு வேண்டாம்னா நான் எடுத்துக்கிடுதேன்"னு கேட்டா. நான் எடுத்துக்கோன்னு சொல்லிட்டேன். அவ அந்த முடிச்ச அவுக்க முடியாம அருவாமணையில வச்சி அறுத்தா. அந்தச் சத்தம் மட்டும் எனக்கு ரெண்டு காதுலயும் கேட்டுச்சு.

அன்னைக்கே மேஸ்திரிகிட்ட ஓடியிருக்கணும். ஓடலை. ஒன் கடுதாசி வார வரைக்கும் ஓடலை. யாரு பெத்த பிள்ளையோ கட்டுன முடிச்சுக்கு அசையாத காலு, என் பிள்ளைன்னதும் அசையுது. இதையும் எழுதும் உபதேசியாரே, நல்லா அழுத்தி எழுதும். இதுதான் எல்லாத்துலயும் கேவலம்.

நேத்து ஒன் கடுதாசிய இவருதான் வாசிச்சாரு. ஒங்கம்மை கதவு நெலையில சாஞ்சி நின்னு கேட்டா. "அப்பா கைபட்ட சட்டை எனக்குன்னு வந்திருக்கு, தோணியில அதைத்தான் தலைக்கு வச்சிப் படுக்கேன், பக்கத்துல அப்பா இருக்க மாதிரி இருக்கு"ன்னு நீ எழுதியிருந்த. அவ கடுதாசிய வாங்கி முத்தம் கொடுத்தா. பெறகு தெரு பூராவும் சொல்லிட்டு வந்தா, "அவரு தச்ச சட்டை அங்க போயி எம் பிள்ளையக் காக்கு"ன்னு. நான் தச்சது இல்ல, புரட்டுனதுதான்னுகூடச் சொல்ல முடியலை. காலையில எந்திரிச்சுக் கருப்பட்டிக் காப்பி போட்டுத் தந்தா. என் முகத்தப் பாத்துட்டு, "என்ன, ராவெல்லாம் ஒறங்கலையா, நீரு என்ன காவலா காத்தீரு?"ன்னு கேட்டா. வலது பக்கம் நின்னுதான் கேட்டா.

தந்தி அடிக்கலாம்னு போனேன். சண்டைக் காலம், தோணி, மெதப்புச் சட்டைன்னு தந்தியில ஒண்ணும் எழுதக்கூடாதுன்னுட்டாங்க. காயல்பட்டணத்துச் சாயபு ஒருத்தரு தோணி இன்னைக்கு முற்பகல்ல கொழும்புக்குப் பாய் விரிக்குது. அவரு நல்ல மனுசன், "நீரு கடுதாசிய மட்டும் கொண்டாரும் அண்ணாச்சி, ஒம்ம மகன் கையில நானே கொடுக்கேன்"னாரு. நீ எழுதியிருக்க கணக்குப்படி ஒங்க தோணி இன்னும் நாலு நாளு சாமான் ஏத்தணும். அதுக்குள்ள இது வந்து சேந்துரும். சேரணும். நீ அங்க இருந்து கெளம்புததுக்கு முன்னால இது ஒன் கையில இருக்கணும், அதுக்குத்தான் இந்தப் பாடு. நேரா நின்னு சொல்லுத தைரியம் இருந்திருந்தா, போன தடவை நீ வந்திருக்கையில, கூடத்துல உக்காந்து மீனு சுத்தம் பண்ணயிலயே சொல்லியிருப்பேன்.

இப்பம் என்ன செய்யணும்னு சொல்லுதேன், கவனமாக் கேளு. சட்டைய எடு. பையோட அடிப்பக்கத்தத் தடவிப் பாக்காத, வெளிய தடவுனா வழவழன்னுதான் இருக்கும், என்னை மாதிரி. மேல் வாயப் பிரி. பஞ்ச ஒரு சாக்குல கொட்டி வையி, நனையாமப் பாத்துக்கோ. உள்ள கையவிட்டு அடியப் பிடிச்சு இழுத்து, உள்பக்கம் வெளிய வர மாதிரி புரட்டு. வெளிச்சத்துல பிடி. பொட்டு தெரியும். தோணிப் பாய் தைக்கிற ஊசி இருக்கும், மெழுகு தடவுன நூலு இருக்கும், பழைய தையலுக்கு ஒரு வெரக்கடை உள்ள தள்ளி ரெண்டு வரிசை ஓட்டு. பெறகு கையாலயே திருப்பு. அவசரப்பட்டுக் கம்பி கிம்பி விட்டுக் குத்தாத. நகம் போனாப் போகட்டும். பஞ்ச அடைச்சு வாயத் தை. ஒரு வாளித் தண்ணியில அரை நாளு அமுக்கி வச்சிப் பாரு.

இதை ஒனக்கு மட்டும் செஞ்சிக்கிட்டு சும்மா இருந்துராத. அந்தத் தோணியில எத்தன பேரு இருக்கான், பக்கத்துத் தோணியில எத்தன பேரு இருக்கான், எல்லாரு சட்டையும் அப்படித்தான் இருக்கும். தோணிய நடத்துத தண்டலக் கூப்பிடு. எல்லாரையும் உக்கார வையி. இந்தக் கடுதாசிய மொத வரியில இருந்து சத்தமா வாசி. எங்கப்பன்தான் மிதிச்சான், எங்கப்பனுக்கு ஒரு காது கேக்காது, கேக்குன்னு பொய் சொன்னான்னு வாசி. ஒனக்கு வெக்கமா இருக்கும். ஒன்னைக் கேலி பேசுவானுக, செவிடன் மவன்னு பேரு வைப்பானுக. பேசட்டும், உசுரோட இருந்து பேசட்டும். எவனாவது அடிக்க வந்தாலும் வாங்கிக்கோ, அது எனக்கு உள்ளது. நானும் இன்னைக்கு, இந்தக் கடுதாசியச் சாயபு கையில கொடுத்துட்டு நேரா மேஸ்திரிகிட்டதான் போறேன். எண்ணெய் கேக்கப் போகலை. உபதேசியார் கூட வாரேன்னு சொல்லுதாரு, வேண்டாம்னுட்டேன், சரி வாரும்னும் சொல்லிட்டேன்.

இன்னொண்ணு மக்கா, அதுக்கு முன்னாலயே கடல்ல ஏதாவது ஆகிப்போச்சுன்னு வச்சுக்கோ, மாதா காப்பாத்தணும், அப்படி ஆகிப்போச்சுன்னா, அந்தச் சட்டைய நம்பி நிக்காத, தோணிப் பலகை, பீப்பா, எது மெதந்தாலும் அதைப் பிடி, சட்டை கனக்க ஆரம்பிச்சா மொதல்ல நடு முடிச்ச அவுத்துரு, ரெட்டை முடிச்சு மட்டும் போட்டுறாத, ஒத்தை இழுப்புல அவுருத மாதிரி ஒரு சுருக்கு உண்டு, வள்ளத்துல கல்லுக் கயித்துக்குப் போடுவோமே, அதை எப்படிப் போடுததுன்னா, எடது கை நுனிய

இரும் உபதேசியாரே, நீரு எதுக்கு வாசலப் பாக்கீரு? யாரும் கூப்பிடுதாங்களா? எனக்குக் கேக்கலை. யாரு, சாயபு தோணி ஆளா? ஏலே, இந்தா முடிச்சிட்டேன், ஒரு நிமிசம் நிக்கச் சொல்லு. என்னது? இந்தப் பக்கமா வந்து சொல்லு. கொழும்புல இருந்து இப்பம் ஒரு தோணி வந்து சேந்திருக்கா? சரி, அதுக்கென்ன? எவன் தோணி? அதுல வந்தவங்க எம் மவன் தோணியப் பத்திச் சொல்லுதாங்களா? சாமான் ஏத்தாமலே கெளப்பிட்டாங்களா, முந்தாநாளேவா, இன்னும் இங்க வந்து சேரலையா? அவன் முந்தாநாளே கெளம்பிட்டான்னா இது யாருக்கு, எழுதாதயும்வே, கையப் பிடியும், நான் கரைக்குப் போறேன், மக்கா, நீ அந்த நடு முடிச்ச மட்டும்